நாற்பத்தோராவது சுருள்

என் அக்காள் புருஷன் பெலாயாவுக்கு மேதிய நாட்டு அக்மேதா நகரத்து ஆளுநர் மாளிகையில் எழுத்தர் வேலை. பாரசீகத்தில் வரும் கடிதங்களை அரமேயத்தில் பெயர்த்து, சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பப் பிரதி எடுக்க வேண்டும். பதினாறு வருஷம் அந்த வேலையைப் பார்த்தார். மாளிகையில் அவர் பெயர் பேலித்தின். யூதப் பெயரோடு உள்ளே போனவன் குதிரைச் சாணம் அள்ளுவதற்குமேல் உயர மாட்டான் என்று அவருடைய அப்பாவே வைத்துவிட்ட பெயர். எங்கள் தெருவில் அதைச் சொல்லியே கேலி செய்வார்கள். "பேலித்தின் பிரபு வர்றாரு, எந்திரிச்சு வழி விடுங்கடா." அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

நானும் அக்சாள் அக்காவும் ஒரே முற்றத்தில் எதிரெதிர் வீடுகளில் இருந்தோம். ரொட்டி சுடும் அடுப்பு இரண்டு வீட்டுக்கும் பொது. என் புருஷன் ஏசேர் சக்கூருடைய சேணப் பட்டறையில் தோல் தைத்தான். கோட்டைப் படைக்குச் சேணம் கொடுப்பவர் சக்கூர்தான். எங்கள் ஜனத்துக்கும் அவர்தான் தலைவர். ஓய்வுநாளில் நாங்கள் கூடுவதும் அவருடைய பட்டறையின் மாடியில்தான்.

அன்றைக்குப் புளிப்பில்லாத அப்பப் பண்டிகையின் ஆறாம் நாள். அக்காவும் நானும் அடுப்படியில் மாவு தட்டிக்கொண்டிருந்தோம். நடுப்பகலில் பெலாயா அத்தான் வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்துக்கு அவர் வந்ததே இல்லை. கையில் மை அப்படியே இருந்தது. மாளிகைத் தொட்டியில் கழுவிவிட்டுத்தான் எப்போதும் வெளியே வருவார்.

"உடம்புக்கு என்னங்க?" என்றாள் அக்கா.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஆதார் மாசம் பதிமூணாம் தேதி."

"அதுக்கு இன்னும் பதினோரு மாசம் கெடக்கே. அன்னிக்கு என்ன?"

"நம்ம ஆளுங்க எல்லாரையும் கொன்னுடணும்னு சூசாவுலேருந்து ராஜாவோட ஆணை வந்திருக்கு. கெழவன், கொழந்த, பொம்பள, ஒருத்தர் பாக்கியில்லாம. ஒரே நாள்ல. வீட்ல இருக்கறதை யார் வேணும்னாலும் எடுத்துக்கலாமாம்."

அக்கா கையிலிருந்த மாவைக் கீழே வைத்தாள். "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எழுதினேன். நேத்துக் காலையில பகபாத் கொண்டுவந்து முன்னால வெச்சான். நாற்பது பிரதி கேட்டான். இப்பத்தான் முடிச்சேன்."

பகபாத் என்பவன் அவருக்கு மேலே இருந்த தலைமை எழுத்தன். பதினாறு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்தவன். இவர் யூதன் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்ததாம்.

"நேத்துக் காலையிலயா?" என்றாள் அக்கா. "அப்ப நேத்து ராத்திரி என் பக்கத்துல படுத்துக்கிட்டு இதை மனசுல வெச்சிருந்தீங்களா?"

"முழுசா எழுதி முடிச்சப்பறந்தான் எனக்கே நம்பிக்கை வந்துச்சு" என்றார் அவர்.

ஆளுநர் மாளிகையில் வசந்த விருந்துக்கு வந்தவர்கள் இன்னும் தங்கியிருந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, அடுத்த மாதம் முதல் தேதி, சந்தையில் வாசிக்கப் போகிறார்கள். வாசித்த அன்றே நகர வாசல்களில் காவல் போடுவார்கள். யூதர் யாரும் வெளியே போக முடியாது. அதுவரைக்கும் வாசல் திறந்திருக்கும். பத்து நாள் இருந்தது.

அத்தான் அன்றைக்கே சக்கூரைப் பார்க்கப் போனார். தலைவரிடம் முதலில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்திருக்கிறார். பேசியது பட்டறையில். ஏசேர் சேணத்து வயிற்றுவார் ஒன்றைத் தைத்துக்கொண்டு மூன்று முழம் தள்ளித்தான் இருந்தான். சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் எனக்கு ஒப்பித்தான்.

சக்கூர் கோபப்படவில்லையாம். அத்தானுக்குத் திராட்சைப் பாகு கலந்த தண்ணீர் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார். "தம்பி, நீ படிச்சவன். ராஜாக்கள் எழுதறதையெல்லாம் நெஞ்சுல ஏத்திக்கிட்டா நாம எந்த ஊர்லயும் குடியிருக்க முடியாது. பதினோரு மாசம் இருக்கு. அதுக்குள்ள அவருக்கு வேற யார் மேலயாவது கோபம் வந்துடும்."

"ஐயா, வாசல் தெறந்திருக்கறது பத்து நாள்தான். போறவங்க போகட்டும். மலைக்கு அந்தப் பக்கம் ஆளுநரோட கை நீளாது."

"போனா என்ன ஆகும் தெரியுமா? ராஜாவோட ரகசியம் யூதனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பான். ஆதார் மாசம் வரைக்கும் காத்திருக்க மாட்டான். அப்பறம் என் பட்டறையில அறுபது சேணம் பாதியில நிக்குது. கோட்டைக்கு வாக்குக் குடுத்திருக்கேன். தைக்கறவன் எல்லாம் மலையேறிட்டா நான் என்ன சொல்றது?"

அத்தான் திராட்சைத் தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

அக்கா அவரை விடவில்லை. முற்றத்தில் நின்று பேசியதை நானே கேட்டேன். "ஒருத்தர் காதுல சொல்லிட்டு வந்துட்டா சொன்னதாயிடுமா? நாளைக்கு ஓய்வுநாள். எல்லாரும் இருப்பாங்க. எல்லார் காதுலயும் விழட்டும். இருக்கறவன் இருக்கட்டும், போறவன் போகட்டும். தெரியாமச் சாக வேணாம்."

"சொன்னா நம்ப மாட்டாங்க அக்சாள். பேலித்தின்னு பேர் வெச்சுக்கிட்டவன் பேச்சு."

"சொல்ல வேணாம். வாசிங்க."

அன்றைக்கே அவர் மறுபடியும் மாளிகைக்குப் போனார். பகபாத் இல்லாத சமயம் பார்த்து, நாற்பத்தோராவது பிரதி ஒன்று எழுதி, காலணிக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்தார். அதற்கு என்ன தண்டனை என்று அவருக்குத் தெரியும். அந்தச் சட்டத்தையும் அவர்தான் ஒரு காலத்தில் பிரதி எடுத்திருந்தார்.

மறுநாள் மாடியில் நல்ல கூட்டம். பண்டிகையின் கடைசி நாளும் ஓய்வுநாளும் சேர்ந்து வந்ததால் தோட்டத்துக் குடிசைகளிலிருந்துகூட வந்திருந்தார்கள். செங்கடலைத் தாண்டிய கதை வாசித்து முடிந்தது. அத்தான் எழுந்து நின்று சுருளைப் பிரித்தார். மாளிகையில் வாசிக்கும் அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

ஒரு குழந்தை அப்பம் கேட்டு அழுதது. அதன் தாய் வாயைப் பொத்தினாள்.

சக்கூர் கையை நீட்டிச் சுருளை வாங்கிப் பார்த்தார். நிதானமாகவே கேட்டார். "முத்திரை இல்லையே தம்பி."

"இது நானா எடுத்த பிரதி ஐயா."

"கையெழுத்து?"

"என்னுது."

"ஊருக்கெல்லாம் போகப்போற அந்த நாற்பதும்?"

"முப்பது என்னுது. பத்து மட்டும் இன்னொருத்தன் எழுதினான்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "நம்மளக் கொல்றதுக்கு நீயே எழுதிக் குடுத்தியா? கை நடுங்கலையா உனக்கு?"

"நடுங்குச்சு. ரெண்டு பிரதி கெட்டுப்போச்சு. திருப்பி எழுதினேன்."

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஒன்றை மறைத்துக்கொண்டு அந்த இடத்தில் நிற்க அவரால் முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. "இன்னொண்ணையும் சொல்லிடறேன்" என்றார். "பக்கத்துல இருந்தவன் ஒரு பிரதியில 'குழந்தைகள்'ங்கற சொல்லை விட்டுட்டான். நான்தான் அவனைக் கூப்பிட்டுச் சேக்கச் சொன்னேன். பழக்கம். சொல்லி முடிச்சப்பறந்தான் என்ன சொன்னேன்னு எனக்கு ஒறைச்சுது."

ஒரு காலணி பறந்து வந்து அவர் தோளில் விழுந்தது. நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். "நாயே" என்றான் ஒருவன். "பொய் எழுதிக் கொண்டாந்து நம்ம வாயைக் கிளறப் பாக்கறான், இவன் மாளிகை ஆளு" என்றான் இன்னொருவன். உண்மையாயிருந்தால் இவனைக் கொல்ல வேண்டும் என்றார்கள், பொய்யாயிருந்தாலும் இவனைக் கொல்ல வேண்டும் என்றார்கள். இரண்டையும் ஒரே ஆட்கள்தான் சொன்னார்கள்.

அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து நடுவே வந்து நின்றாள். "எழுதினவன்தான வந்து சொல்ல முடியும்? எழுதாதவனுக்கு என்ன தெரியும்? பொய்ங்கறீங்களா? சக்கூர் ஐயாவுக்கு நேத்தே தெரியும். அவர்கிட்ட வந்து சொல்லியாச்சு. அவரையே கேளுங்க."

சக்கூர் தலையை ஆட்டினார். "இவர் வந்தாரு. ஏதோ கொழம்பிப்போய் பேசினாரு. நான் தண்ணி குடுத்து அனுப்பினேன். அவ்வளவுதான்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "மில்கா, உன் வீட்டுக்காரர் பட்டறையில இருந்து எல்லாத்தையும் கேட்டாருல்ல? உங்கிட்ட சொன்னாருல்ல? எந்திரிச்சுச் சொல்லு."

ஏசேரைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டுச் சோறு சக்கூர் பட்டறையிலிருந்து வருகிறது என்பது என் நினைவுக்கு வந்தது. அதைவிட, அத்தனை பேர் முகமும் என் பக்கம் திரும்பியதில் எனக்குப் பயம் வந்துவிட்டது. பயத்துக்குக் காரணம் தேடினால் ஆயிரம் கிடைக்கும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றேன்.

அத்தானை மாடிப்படியில் தள்ளிவிட்டார்கள். கீழ்ப்படியில் விழுந்து உதடு கிழிந்தது. அக்கா அவரைத் தூக்கிக்கொண்டு போனாள். சுருள் சக்கூர் கையிலேயே இருந்தது.

ஆனாலும் கேட்ட காது கேட்டதுதான். மறுநாள் விடிவதற்குள் ஏழு குடும்பங்கள் தோட்டவேலைக்குப் போவதுபோல வாசலைத் தாண்டி மலைக்குப் போய்விட்டன. சக்கூருக்கு அது தெரிந்ததும் பதற்றம் வந்துவிட்டது. நாளைக்கு மாளிகையில் கேட்டால் பழி தலைவர் மேல்தான் விழும். ஏசேரைக் கூப்பிட்டுச் சுருளைக் கையில் கொடுத்தார்.

ஏசேர் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். "எங்க போயிருந்தீங்க?" என்றேன்.

"மாளிகைக்கு."

"என்னத்துக்கு?"

"நம்ம நல்லதுக்குத்தான். தலைவரே முன்வந்து ஒப்படைச்சா ஜனத்து மேல சந்தேகம் வராதாம். ஒருத்தனோட போயிடும்."

"அவரு உங்க சகலை."

"நான் குடுக்கலேன்னா வேற ஒருத்தன் குடுத்திருப்பான் மில்கா. சோத்தைப் போடு."

போட்டேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நான்கு காவலர்கள் எதிர்வீட்டுக்கு வந்தார்கள். அத்தான் எதிர்த்துப் பேசாமல் நடந்து போனார். அக்கா முற்றத்தின் நடுவே நின்று எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கதவைத் திறக்கவில்லை. ராஜாவின் எழுத்தைத் திருடியதற்காக அத்தானின் வலதுகைக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வெட்டிச் சிறையில் போட்டார்கள்.

மாதம் பிறந்தது. சந்தையில் ஆணையை வாசித்தார்கள், சொல்லுக்குச் சொல் அப்படியே. கேட்டுவிட்டு வந்த ஆண்கள் தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெலாயாவின் பெயரையும் யாரும் எடுக்கவில்லை. வாசல்களில் காவல் ஏறியது. அறுபது சேணங்களையும் சக்கூர் சொன்ன தேதிக்குக் கொடுத்தார். கோட்டைத் தலைவன் எண்ணி வாங்கிக்கொண்டு, வழக்கமாகச் சொல்லும் நல்வாக்குக்கூடச் சொல்லாமல் குதிரையைத் திருப்பிக்கொண்டானாம்.

அடுத்து வந்த நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு மேதியப் பெண் எனக்குப் பிரசவம் பார்த்தவள். ஒருநாள் வந்து என் சமையற்கட்டைச் சுற்றிப் பார்த்தாள். செம்பு அண்டாவின் மேல் கரித்துண்டால் ஒரு கோடு போட்டாள். "தப்பா நெனச்சுக்காத மில்கா. எப்படியும் யாராவது எடுக்கத்தான் போறாங்க. முன்பின் தெரியாதவங்க கைக்குப் போறதுக்கு எங்கிட்ட இருக்கட்டும். அதுவரைக்கும் யாருக்கும் குடுத்துடாத, என்ன?" என்றாள். நான் சரி என்று தலையாட்டினேன்.

கோடைத் தொடக்கத்தில் ராஜாவின் கடிதத்தோடு இன்னொரு தூதன் குதிரையில் வந்தான். சூசாவில் எங்கள் ஜனத்துப் பெண் ஒருத்தி, அழைப்பில்லாமல் ராஜா முன்னால் போய் நின்று பேசியிருக்கிறாள். உயிர் போனாலும் போகட்டும் என்று போனாளாம். அந்த நாளில் யூதர்கள் ஒன்றுகூடித் தங்களைக் காத்துக்கொள்ளலாம் என்று புதிய ஆணை. எங்கள் ஆட்கள் தெருவில் ஆடினார்கள். சக்கூர் மாடியில் நின்று அழுதார்.

அன்றைக்கே அத்தானையும் விட்டார்கள். பகபாத் தன் கையாலேயே கதவைத் திறந்துவிட்டு, "அந்தக் கடிதாசிக்கே இப்ப மதிப்பில்ல, அதைத் திருடின குத்தத்துக்கு என்ன மதிப்பு?" என்றானாம். விரல் இல்லாதவனுக்கு மாளிகையில் வேலை இல்லை என்றும் சேர்த்துச் சொல்லியனுப்பினான்.

ஆதார் பதிமூன்றாம் தேதி, பழைய ஆணையை நம்பி வந்தவர்களோடு சண்டை நடந்தது. எங்களில் பத்தொன்பது பேர் செத்தார்கள். அவர்களில் அதைவிட அதிகம். பக்கத்து வீட்டுக்காரியின் மூத்த மகன் எங்கள் வாசற்படியில் கிடந்தான். அவன் எடுக்க வந்தானா, வீட்டுக்கு ஓடினானா என்று எனக்குத் தெரியாது. ஏசேர் கையில் தோல் வெட்டும் கத்தி இருந்தது. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் பேச்சு மெல்ல மாறியது. பதற்றப்படாமல் ஜனத்தைக் கட்டிக்காத்தவர் சக்கூர் என்றார்கள். அவர் பொறுமையாயிராவிட்டால் முதல் மாதத்திலேயே அழிந்திருப்போம் என்றார்கள். மலையிலிருந்து திரும்பி வந்த ஏழு குடும்பங்களுக்கும் ஓடுகாலிகள் என்று பெயர். பெலாயாவுக்கு 'எழுதினவன்' என்று பெயர். அவரும் அக்காவும் மகளோடு முற்றத்தை விட்டுத் தோல் ஊறவைக்கும் குழிகளுக்குப் பக்கத்தில் ஓர் அறைக்குப் போய்விட்டார்கள். அக்கா பிறர் வீட்டுக் கம்பளி நூற்றாள். அத்தான் தண்ணீர் சுமந்தார். இடது கையால் எழுதக் கற்றுக்கொள்ளச் சொன்னவர்களிடம், "எழுதின வரைக்கும் போதும்" என்றாராம்.

அடுத்த வருஷம், சண்டைக்கு மறுநாளைப் பண்டிகையாகக் கொண்டாடும்படி கடிதம் வந்தது. ஒருவருக்கொருவர் பலகாரப் பங்கு அனுப்ப வேண்டும், ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. சக்கூருடைய மாடியில் விருந்து. ஏசேர் அவருக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், இப்போது அவன்தான் பட்டறை மேற்பார்வை. ஆட்டுக்கறியும் வாதுமைப்பருப்பும் மணத்தன. சக்கூர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பேசினார். "அன்னிக்கு யாரும் நமக்கு முன்கூட்டிச் சொல்லல. இருட்டுல இருந்தோம். ஆனாலும் ஆண்டவன் கைவிடல."

எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"சொன்னாங்க ஐயா" என்றேன். "எங்க அத்தான் சொன்னாரு. மொதல்ல உங்ககிட்ட, அப்பறம் இந்த எடத்துல நின்னு எல்லார்கிட்டயும். நீங்க தண்ணி குடுத்து அனுப்பினீங்க. அந்தச் சுருளை மாளிகையில கொண்டுபோய்க் குடுத்தது என் புருஷன். தெரியாதுன்னு பொய் சொன்னது நான்."

ஏசேர் முகம் சாம்பலாகிவிட்டது. யாராவது திட்டுவார்கள், அடிக்க வருவார்கள் என்று காத்திருந்தேன். காலணி ஒன்றாவது பறந்து வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததைத்தான் நான் சொல்லியிருந்தேன்.

"உக்காரும்மா" என்றார் சக்கூர் மெதுவாக. "நல்ல நாள். மனசு கஷ்டத்துல ஏதோ பேசற. பாவம், ரெண்டு கிண்ணம் கூடப் போயிருக்கும்." யாரோ சிரித்தார்கள். என் பக்கத்திலிருந்தவள் என் தட்டில் இன்னொரு கறித்துண்டை வைத்தாள். பேச்சு மறுபடியும் தொடங்கிவிட்டது.

நான் அந்தத் தட்டில் அப்பமும் கறியும் அத்திப்பழமும் நிரப்பிக்கொண்டு இறங்கி நடந்தேன். தோல்குழி நாற்றம் தூரத்திலேயே அடித்தது. அக்கா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்க்கா" என்றேன். "இப்பத்தான், மாடியில. நடந்தது எல்லாத்தையும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மெலிந்திருந்தாள். "யாராவது என்னன்னு கேட்டாங்களா?"

"இல்ல."

"ம்."

தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் மகள் ஒரு துண்டு அப்பத்தை அவசரமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டது தெரிந்தது. அக்கா எல்லாவற்றையும் ஒரு மண்சட்டியில் கொட்டி மூடினாள். குடத்திலிருந்து தண்ணீர் சரித்து என் தட்டைக் கழுவித் துடைத்தாள். வெறும் தட்டாக என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.